லாக்டவுன் ஒத்திகைக்குக் கல்லூரியைத் தயார் செய்வது எப்படி: முதலில் கதவைப் பாருங்கள்

ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் வேதியியல் ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அறிவியல் கட்டடத்தின் அவசரகாலப் பொறுப்பும் என்னிடம்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆய்வக மேலாளராக, விரிவுரையாளராக, டி.ஏ.வாக (பாடம் நடத்த உதவும் மாணவராக) வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். என்றைக்காவது பாதுகாப்புக் குழுவில் உங்கள் பெயரையும் சேர்ப்பார்கள். "அடுத்த செமஸ்டரில் லாக்டவுன் ட்ரில் இருக்கிறது, உங்கள் கட்டடத்தைத் தயார் செய்யுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். வளாகத்துக்குள் துப்பாக்கிதாரி போன்ற ஆபத்து வந்தால் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கப் பழகுவதுதான் இந்த ஒத்திகை. அப்போது எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பல குழுக்கள் போஸ்டரிலும் பயிற்சி வீடியோவிலும் தொடங்குகின்றன. அவை பிறகு வரட்டும். அறைக்குள் இருப்பவர் சாவியைத் தேடாமல் சில நொடிகளில் பூட்டக்கூடிய கதவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத அறையில் மாணவர்களை மூலையில் உட்காரவைத்துப் பழக்கினால் அவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கிச் சம்பவங்களை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. அவற்றில் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கிட முடிந்தவை 63. அந்த 63இல் 44 சம்பவங்கள் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. போலீஸ் வந்து சேரும்வரை உங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருப்பது கதவு மட்டும்தான். சேண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு கனெக்டிகட் மாநிலம் அமைத்த ஆலோசனைக் குழு 2015இல் அறிக்கை தந்தது. பூட்டிய வகுப்பறைக் கதவை ஒரு துப்பாக்கிதாரி உடைத்து உள்ளே போன சம்பவம் எதுவும் தங்கள் விசாரணையில் தெரியவரவில்லை என்று அதில் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு சம்பவமும் உண்டு. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். நோரிஸ் ஹால் கட்டடத்தின் 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். எங்கள் ஈரோடு மாவட்டத்தில், கோபிசெட்டிபாளையம் பக்கம் பிறந்தவர். அந்த வகுப்பறைகளை உள்ளிருந்து பூட்ட வழி இல்லை. பக்கத்தில் 205ஆம் அறையில் இருந்த மாணவர்கள் ஒரு மேசையைக் கதவில் சாய்த்துக் கையாலும் காலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கதவைத் துளைத்துக் குண்டுகள் வந்தன, ஆனால் கொலைகாரனால் உள்ளே வர முடியவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் பூட்டில்லாத கதவுகள் இருந்தன. அவை வெளிப்பக்கம் திறப்பவை, மேசை போட்டுத் தடுக்கவும் முடியாது. மாணவர்கள் இடுப்பு பெல்ட்டையும் கேபிளையும் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பிடித்தார்கள். அப்படி யாரும் பெல்ட்டைத் தேடாதபடி செய்வதுதான் நம் வேலை.

கதவுச் சுற்று

ஒத்திகைக்கு ஒரு செமஸ்டர் முன்பே இதைச் செய்யுங்கள். கிளிப்போர்டும் கட்டடத்தின் தள வரைபடமும் எடுத்துக்கொண்டு, பராமரிப்புப் பிரிவிலிருந்து பூட்டு வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு, அறை அறையாகப் போங்கள். இரவு ஷிஃப்ட் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் கூட வந்தால் மிக நல்லது. எந்தக் கதவு ஒட்டாது, எதற்குச் சாவி இரண்டு முறை சுற்ற வேண்டும் என்பதெல்லாம் பேராசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு கதவிலும் நான் பார்ப்பவை: உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா? உள்ளிருந்து பூட்டலாமா, அதற்குச் சாவி வேண்டுமா? பூட்டியிருக்கிறதா என்று உள்ளே இருப்பவருக்குக் கண்ணால் தெரிகிறதா? கதவில் கண்ணாடி இருந்தால் அதை மறைக்க என்ன இருக்கிறது? கடைசியாக, கதவைப் பாதி திறந்து கையை விட்டுவிடுங்கள். தானாக மூடி, தாழ் 'க்ளிக்' என்று விழ வேண்டும். விழுந்த பிறகு இழுத்துப் பாருங்கள். மூடியது போலத் தெரிந்தும் தாழ் விழாத கதவுகள் நிறைய உண்டு.

ஆய்வகங்களில் இந்தச் சோதனையை ஃப்யூம் ஹூட்கள் ஓடும்போதே செய்யுங்கள். ஹூட் அறைக் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதால், காரிடாரிலிருந்து காற்று உள்ளே தள்ளும். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அந்தத் தள்ளலே தாழ் விழாமல் செய்துவிடும். கோடை விடுமுறையில் ஹூட்டை நிறுத்தி வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

பழைய வகுப்பறைகளில் வெளிப்பக்கம் மட்டும் சாவித் துளை இருக்கும். பூட்ட வேண்டுமானால் ஆசிரியர் காரிடாருக்கு வர வேண்டும், அதாவது ஆபத்து நிற்கும் பக்கத்துக்கே போக வேண்டும். சாவி அவரிடம் இருக்க வேண்டும் என்பது அடுத்த பிரச்சினை. எங்களைப் போன்ற கல்லூரிகளில் மாலை வகுப்புகளைப் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்கள்தான் எடுக்கிறார்கள். அவர்களிடம் சாவி இருப்பதில்லை, பாதுகாவலர் வந்து திறந்துவிட்டுப் போவார். ஆகவே சாவி இல்லாமல் உள்பக்கத்திலிருந்தே கையால் பூட்டும் வகைக்கே முதலில் பணம் கேளுங்கள். பணம் வரும்வரை இடைக்கால வழி ஒன்று உண்டு: பூட்டை எப்போதும் பூட்டிய நிலையில் வைத்து, தாழ் விழும் துளையை ஒரு காந்தப் பட்டையால் மூடிவிடுவது. ஆபத்து வந்தால் பட்டையை உருவினால் போதும். ஆனால் தீத்தடுப்புக் கதவுகளில் இது விதிக்கு முரணாகலாம், உங்கள் ஊர் ஃபயர் மார்ஷலிடம் (தீ விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியிடம்) எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே செய்யுங்கள்.

இணையத்தில் விதவிதமான கதவுத் தடுப்புக் கருவிகள் விற்கிறார்கள். தரையில் செருகும் இரும்புக் கம்பி, கைப்பிடியில் மாட்டும் உறை என்று. வாங்கச் சொல்லி யாராவது உற்சாகமாக வருவார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தீ பிடித்தால், உள்ளே இருப்பவர் சாவியோ கருவியோ இல்லாமல் ஒரே அசைவில் வெளியே வர முடிய வேண்டும் என்பது அடிப்படை விதி. மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ. விதிப்படி, பூட்டு தரையிலிருந்து 34 முதல் 48 அங்குல உயரத்தில், இறுக்கிப் பிடிக்காமல், மணிக்கட்டைத் திருகாமல் ஒரு கையால் இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவர் குனிந்து தரையில் கம்பி செருக முடியாது. அதோடு, அதே கருவியை மாட்டி அறைக்குள் ஒரு பெண்ணை யாராவது அடைத்து வைத்தால் வெளியிலிருந்து திறக்க வழி இருக்காது. வெளியிலிருந்து சாவி போட்டு அதிகாரிகள் திறக்கக்கூடிய சாதாரண நல்ல பூட்டே போதும்.

வரைபடத்தில் மூன்று நிறம் போடுங்கள். பூட்டக்கூடிய அறை பச்சை, சாவி வேண்டிய அறை மஞ்சள், பூட்டவே முடியாதது சிவப்பு. ஒளிந்துகொள்ளக் கூடாத அறைகளுக்குத் தனிக் குறி வேண்டும். திரவ நைட்ரஜன் வைத்திருக்கும் சின்ன அறை பூட்டக்கூடியதாக, ஜன்னல் இல்லாததாக, ஒளிய வசதியாகத் தெரியும். அங்கே பத்துப் பேர் அடைந்துகொண்டால், ஆவியாகும் நைட்ரஜனால் ஆக்சிஜன் குறைந்து மயங்கி விழக்கூடும், அதற்கு முன் எந்த வாடையும் வராது. கேஸ் சிலிண்டர் அறையும் குளிர் அறையும் அப்படித்தான். இதை ஆய்வகத்துக்கு வெளியே உள்ள பாதுகாப்புக் குழுவினர் யோசிக்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

யார் செய்தி அனுப்புவது, அதில் என்ன இருக்க வேண்டும்

வர்ஜீனியா டெக்கில் முதல் துப்பாக்கிச்சூடு காலை 7:15 வாக்கில் ஒரு விடுதியில் நடந்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு. நோரிஸ் ஹாலில் சுடத் தொடங்கியது 9:40 வாக்கில். இதற்குப் பிறகுதான் 2008இல், கல்லூரி வளாகக் குற்றங்களையும் ஆபத்துகளையும் பற்றித் தெரிவிக்கச் சொல்லும் கிளெரி சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்து உறுதியானதும் கல்லூரி உடனே எச்சரிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அவசரகால ஏற்பாடுகளைச் சோதிக்க வேண்டும், அந்தச் சோதனையின் விவரம், தேதி, நேரம், முன்கூட்டி அறிவித்ததா இல்லையா என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. உங்கள் ஒத்திகைக்குச் சட்ட அடிப்படை இதுதான்.

ஆகவே குழுவில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பொத்தானை அழுத்தும் அதிகாரம் யாருக்கு? கல்லூரித் தலைவரைக் கூப்பிட்டு, அவர் செய்தித் தொடர்பாளரைக் கூப்பிட்டு, வாசகத்தைத் திருத்தி அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பணியில் இருக்கும் டிஸ்பாட்சர் (அவசர அழைப்புகளை எடுப்பவர்) யாரையும் கேட்காமல் அனுப்பலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாசகங்களை முன்பே எழுதி வைத்து, இடத்தின் பெயரை மட்டும் நிரப்பும்படி செய்யுங்கள்.

2016 நவம்பர் 28 அன்று எங்கள் ஊர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒருவன் காரை மாணவர்கள் மேல் ஏற்றி, இறங்கிக் கத்தியால் குத்தினான். அன்று போன எச்சரிக்கையில் ஆபத்து என்ன, ஓடு, ஒளி, போராடு, எந்தக் கட்டடம், எந்தத் தெருச் சந்திப்பு என்பது மட்டும்தான் இருந்தது. துப்பாக்கிதாரி என்று அதில் சொன்னது பிறகு தவறு என்று தெரிந்தது. ஆனாலும் எங்கே, என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் இருந்ததால் அது நல்ல செய்தி என்றே சொல்வேன். சங்கேதச் சொற்கள், 'கோட்' நிறங்கள் எதுவும் வேண்டாம். புதிதாக வந்த மாணவருக்கும், பார்சல் கொண்டுவந்தவருக்கும் புரிய வேண்டும்.

அதே சம்பவத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டடத்தில் ரசாயனக் கசிவு என்ற சந்தேகத்தில் எல்லோரும் வெளியேறி நடைபாதையில் கூடி நின்றிருந்தபோதுதான் கார் வந்தது. தீ ஒத்திகைக்குக் கூடும் இடம் சாலை ஓரத்தில் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஒத்திகைச் செய்தி "இது பயிற்சி" என்று தொடங்கி "இது பயிற்சி" என்றே முடிய வேண்டும். ஃபோனில் முதல் வரி மட்டும் படிப்பவர்களும் உண்டு, கடைசி வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்களும் உண்டு.

செய்தி யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்கள் சேர்க்கைப் படிவத்தில் ஊர் நம்பரைத்தான் கொடுத்திருப்பார்கள். இங்கே வந்து புது சிம் வாங்கியதைக் கல்லூரிக்குச் சொல்வதில்லை. எச்சரிக்கை கோயம்புத்தூரில் அப்பா வைத்திருக்கும் சிம்முக்குப் போகும் அல்லது எங்குமே போகாது. சர்வதேச மாணவர்களுக்கான அறிமுக வகுப்பிலேயே, எல்லோரும் ஃபோனைக் கையில் எடுத்து நம்பரை மாற்றிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் ஊர் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாலும் வேலை நடக்கும்.

ஒலிபெருக்கி கேட்காத இடங்களைப் பட்டியல் போடுங்கள்: ஹூட் ஓடும் ஆய்வகம், கழிப்பறை, பாய்லர் அறை, உடற்பயிற்சிக் கூடம், செடி வளர்க்கும் கண்ணாடி வீடு. ஒத்திகை நாளில் ஒவ்வொன்றிலும் ஒருவரை நிறுத்தி, செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். காது கேளாத மாணவருக்காகத் தீ அலாரத்தின் மினுக்கு விளக்கைப் பயன்படுத்தலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைப் பார்த்தால் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். வகுப்பறைத் திரையில் எச்சரிக்கை தோன்றும் மென்பொருள் நல்ல வழி.

பயமுறுத்த வேண்டாம்

ஒத்திகை நிஜம் போல இருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். வெற்றுத் தோட்டா சத்தம், போலி ரத்தம், துப்பாக்கியோடு ஓடிவரும் நடிகர். 2019இல் இண்டியானாவில் ஒரு பள்ளிப் பயிற்சியில் ஆசிரியர்களை மண்டியிட வைத்து பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டார்கள், சிலருக்குக் காயமே ஆனது. அதனால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. உங்கள் வகுப்பில் போரிலிருந்து தப்பி வந்தவர் இருக்கலாம், ராணுவத்திலிருந்து திரும்பியவர் இருக்கலாம், பள்ளியில் நிஜமாகவே துப்பாக்கிச்சூட்டைப் பார்த்தவர் இருக்கலாம். யார் என்று உங்களுக்குத் தெரியாது. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, அமைதியாக உட்காரப் பழகுவதற்கு ரத்தம் எதற்கு?

ஆகவே முன்கூட்டியே அறிவியுங்கள். ஒரு வாரம் முன்பு, முந்தைய நாள், அன்று காலை என மூன்று முறை. விரும்பாதவர்கள் வேறிடத்தில் இருக்க அனுமதி கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள். மாணவர் ஆலோசகர் ஒருவரை அன்று முழுக்கத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், காது கேளாதவர் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசி, அவர்கள் என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று கேட்டுத் திட்டம் போடுங்கள். வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தால் அவர்கள் நாள் தனி, முறை தனி.

வீட்டுக்கும் சொல்லச் சொல்லுங்கள். "காலேஜ் லாக்டவுன்" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால், இங்கே காலை 10 மணி, அங்கே இரவு. அம்மா தூங்காமல் போன் அடித்துக்கொண்டே இருப்பார். 2025 ஆகஸ்டில் வில்லனோவா உட்படப் பல பல்கலைக்கழகங்களில் துப்பாக்கிதாரி இருப்பதாகப் போலி அழைப்புகள் வந்து உண்மையாகவே லாக்டவுன் நடந்தது. அதற்குப் பிறகு பெற்றோர்களின் பயம் கூடியிருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

ஒத்திகை நாள்

தேர்வு வாரம் வேண்டாம். கொலம்பஸ் பகுதியில் இருப்பவர்கள் புதன்கிழமை நண்பகலையும் தவிர்க்க வேண்டும், அப்போது கவுண்டி முழுவதும் சூறாவளி சைரனைச் சோதிப்பார்கள். தீ என்றால் வெளியே, சூறாவளி என்றால் கீழ்த்தளத்தின் உட்பகுதி, லாக்டவுன் என்றால் இருக்கும் அறை. இந்த மூன்றும் மாணவர் மனதில் கலந்துவிடக் கூடாது. 911 அவசர அழைப்பு மையத்துக்கும், பக்கத்துப் பள்ளிக்கும், வளாகத்துக்குள் வரும் பேருந்து நிறுவனத்துக்கும் முன்பே தகவல் போகட்டும்.

தளத்துக்கு இரண்டு பார்வையாளர்கள், கையில் ஒரு தாள், வண்ண மேலாடை. செய்தி போனதும் அவர்கள் காரிடாரில் நடந்து, ஒவ்வொரு கைப்பிடியையும் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். பூட்டியிருக்கிறதா, வெளிச்சம் தெரிகிறதா, பேச்சுச் சத்தம் வருகிறதா, கண்ணாடி வழியாக யாராவது தெரிகிறார்களா? அவ்வளவுதான். கதவைத் தட்டி ஏமாற்றித் திறக்க வைக்கும் விளையாட்டு வேண்டாம். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, அதிகாரிகள் சாவியோடு வந்து திறப்பார்கள் என்று முன்பே சொல்லிவைத்தால் போதும்.

அறைக்குள் இருப்பவர்களுக்கு: கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிளைண்ட்ஸை இறக்கி, கதவுக் கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெரியாத சுவர் ஓரமாக உட்காருங்கள். ஃபோனில் ஒலியோடு அதிர்வையும் நிறுத்துங்கள், மேசை மேல் அதிரும் ஃபோன் வெளியே வரை கேட்கும். ஆய்வகத்தில் என்றால் கதவோரம் இருக்கும் கேஸ் அவசர வால்வை ஒரே தட்டில் மூடுங்கள், ஹாட் பிளேட் கைக்கெட்டினால் அணையுங்கள். பரிசோதனையைப் பத்திரப்படுத்த நின்று நேரத்தைப் போக்க வேண்டாம்.

நூலகம், உணவகம், கண்ணாடிச் சுவர் வைத்த முகப்புக் கூடம் ஆகியவற்றில் பூட்ட ஒன்றும் இருக்காது. அங்கே இருப்பவர்கள் முதலில் வெளியே தப்பிப் போவதையே யோசிக்க வேண்டும். பின்பக்கக் கதவு எங்கே, அது எங்கே கொண்டு விடும் என்பதை ஒத்திகைக்கு முன் அங்கே வேலை பார்ப்பவர்களோடு நடந்து பாருங்கள். பார்க்கிங்கில் இருப்பவர்கள் கட்டடத்துக்குள் வரக் கூடாது, வளாகத்தை விட்டு விலகிப் போக வேண்டும்.

லாக்டவுன் நடுவே தீ அலாரம் அடித்தால் என்ன செய்வது என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். புகையோ நெருப்போ தெரிந்தால் வெளியேற வேண்டும், வெறும் அலாரத்துக்காக மட்டும் கதவைத் திறந்து கூட்டமாக ஓட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. உங்கள் ஊர் தீயணைப்புத் துறையோடு பேசி முடிவெடுத்து ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஒத்திகை 10 நிமிடம் போதும். நிஜ லாக்டவுன் மணிக்கணக்கில் போகலாம். 2023 ஆகஸ்டில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் சுமார் 3 மணி நேரம் எல்லோரும் அடைந்து கிடந்தார்கள். அதனால் பச்சை அறைகளில் கழிப்பறையாகப் பயன்பட ஒரு மூடி வைத்த வாளி, அதற்குள் தண்ணீர் பாட்டில், டிஷ்யூ, குப்பைப் பை, மறைப்புக்கு ஒரு துணி என்று வைக்கச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்காகக் கொஞ்சம் மிட்டாயும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. பெட்டி இருக்கும் இடத்திலேயே ரத்தப்போக்கை நிறுத்தும் டோர்னிக்கே பையும் இருக்கட்டும். 'ஸ்டாப் த பிளீட்' பயிற்சி சுமார் ஒரு மணி நேரம்தான், உங்கள் தளத்தில் நாலு பேரையாவது அனுப்புங்கள்.

முடிந்த பிறகு

அன்றே, எல்லோருக்கும் நினைவு இருக்கும்போதே, பார்வையாளர்களை உட்கார வைத்து 20 நிமிடம் பேசுங்கள். ஆசிரியர் யார் சரியாகச் செய்யவில்லை என்ற பேச்சு வந்தால் நிறுத்திவிடுங்கள். பூட்டாத அறை என்றால், ஏன் பூட்ட முடியவில்லை என்று கேளுங்கள். பத்தில் எட்டு முறை பதில் பூட்டிலோ, சாவியிலோ, கேட்காத ஒலிபெருக்கியிலோதான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு குறைக்கும் அன்றைக்கே பராமரிப்புப் பிரிவில் வேலைச் சீட்டு போட்டு, அந்த எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். எண் இல்லாத குறை அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும்.

அறிக்கை, செய்தியின் பிரதி, பார்வையாளர் தாள்கள் எல்லாவற்றையும் கிளெரி கோப்பில் சேர்த்து 7 ஆண்டுகள் வைத்திருங்கள். சிவப்பு அறைகளின் பட்டியலை பட்ஜெட் கூட்டத்துக்கு முன் துணைத்தலைவரின் மேசைக்குப் போகும்படி பாருங்கள், அறை எண், இருக்கைகளின் எண்ணிக்கை, பூட்டின் விலை மூன்றும் ஒரே பக்கத்தில். அடுத்த ஒத்திகையை மாலை 7 மணி வகுப்புக்கு வையுங்கள். அப்போது அலுவலகங்கள் மூடியிருக்கும், பகுதிநேர ஆசிரியர்களும், வேலை முடித்து நேராக வகுப்புக்கு வந்தவர்களும், துப்புரவுப் பணியாளர்களும்தான் கட்டடத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வாக்கி-டாக்கியும் ஒரு சாவிக் கொத்தும் இப்போதே கேட்டு வையுங்கள்.